ஆடிட்டர் வேலையை விட்டுவிட்டு அடுப்பையும் செக்கையும் ஆராய்ந்த தமிழர்... யார் இந்த ஜே.சி.குமரப்பா?

கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரு விநோதமான ஊர்க்கலவை. ஓசூர் சிப்காட்டில் லாரி, பைக், வாட்ச் எல்லாம் தயாராகின்றன. போச்சம்பள்ளி பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலையே வந்துவிட்டது. அதே மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினால் மரச்செக்கு கடலெண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் என்று போர்டு போட்ட கடைகள். பெங்களூருவில் இருந்து வீக்எண்ட் வருகிறவர்கள் கேன் கேனாக வாங்கிப் போகிறார்கள். செக்கைச் சுற்றிவந்த காளைக்கு பதிலாக மோட்டார் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

இந்தப் பொருட்களை இன்று ஆரோக்கிய ஃபேஷனாகப் பார்க்கிறோம். ஆனால் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே, செக்கா மில்லா, உரலா மெஷினா, மண்ணெண்ணெயா விதை எண்ணெயா என்று உட்கார்ந்து பைசா பைசாவாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த தஞ்சாவூர்க்காரர். பெயர் ஜே.சி.குமரப்பா.

வெளிநாட்டில் இருந்து உதவியாக வருகிற தொழில்நுட்பம் நம்ம ஊர் மண்ணுக்கும் தண்ணிக்கும் சரிப்பட்டு வருமா என்ற கேள்வி இன்று ஐ.நா. அமைப்புகள் முதல் ஜப்பான் கடன் திட்டங்கள் வரை எல்லா இடத்திலும் கேட்கப்படுகிறது. அதை முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர்களில் குமரப்பாவும் ஒருவர். அவர் ஓசூர்க்காரர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் எவ்வளவு நெருக்கமானது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கார்னீலியஸ் எப்படி குமரப்பா ஆனார்?

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வசதியான, ஆங்கிலமும் ஒழுங்கும் நிறைந்த வீடு. லண்டனுக்குப் போய் கணக்குத் தணிக்கை படித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். பிறகு அம்மா விடாமல் கூப்பிட்டதால் இந்தியா திரும்பி, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற தலைப்பில் பேசப்போக, அந்தப் பேச்சு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வாகச் செய்யேன் என்று திருப்பிவிட்டார்.

ஆடிட்டர் மூளை ஆச்சே, சும்மா விடுமா? பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தபோதுதான், மற்றவர்கள் மேடையில் கோபமாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம் அவருக்கு எண்களாகத் தெரிந்தது. விவசாயியிடம் இருந்து போகிற பணம் விவசாயிக்குத் திரும்பி வரவில்லை. 1929-ல் ஊர் திரும்பியவர், கார்னீலியஸை விட்டுவிட்டு குமரப்பா என்ற குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டார்.

மரத்தடியில் ராட்டை சுற்றிய பெரியவர்

ஆய்வைப் புத்தகமாகப் போட வேண்டும். அதற்காக 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்கு காந்தியைப் பார்க்கப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். சாணம் மெழுகிய தரையில், ஒரு மரத்தடியில் பெரியவர் ஒருவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்தான் காந்தி என்று. போட்டிருந்த பட்டு சூட்டோடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அந்த ஆய்வை யங் இந்தியாவில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் தாலுகாவுக்குப் போய் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய வேண்டும். குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன விளைகிறது, எவ்வளவு கடன், வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்று எழுதிக்கொண்டு வந்தார். ஒரு ஊருக்கு என்ன தேவை என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால் அந்த ஊரை அளந்து பார்க்க வேண்டும் என்கிற பழக்கம் அங்கே ஆரம்பித்தது. பிறகு மத்திய மாகாணத்தில் சுமார் 600 கிராமங்களில் இதே வேலையைச் செய்தார்.

இடையில் சிறை, யங் இந்தியா ஆசிரியர் பொறுப்பு, மறுபடி சிறை. 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம் வந்தபோது நிவாரண நிதியின் கணக்கு இவர் கைக்கு வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்குக் கறாரான வரம்பு வைத்தார். காந்தியே தன் குழுவோடு பீகார் வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி கோபப்படவில்லை. இந்த ஆள்தான் வேண்டும் என்று முடிவு செய்திருப்பார் போல.

மகன்வாடி: செக்கு, விளக்கு, அடுப்பு

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. செயலாளர் குமரப்பா. ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்துக்கு, காந்தியின் உறவினரான மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு ஆர் அண்ட் டி சென்டர். ஆனால் ஆராயப்பட்டது ராக்கெட் இல்லை, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கிடந்த சாமான்கள்.

செக்கை எடுத்துக்கொள்வோம். மில்லோடு போட்டி போட முடியாமல் செக்கு அழிகிறது, ஏனென்றால் அது பழைய தொழில்நுட்பம் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். மகன்வாடியில் ஜாவேர்பாய் படேல் என்பவர் இதை ஆராய்ந்தபோது வேறொரு உண்மை கிடைத்தது. மில்காரர் அறுவடை சமயத்தில் விலை மலிவாக இருக்கும்போதே எண்ணெய் வித்துக்களை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுகிறார். செக்காடுபவரிடம் அவ்வளவு முதல் இல்லை. வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறின விலையில் வாங்குகிறார். ஆக, அவர் தோற்றதில் செக்கை விட முதலுக்குத்தான் பங்கு அதிகம். இது தெரியாமல் புது மெஷின் மட்டும் கொடுத்திருந்தால் அவர் கடனும் சேர்ந்து வாங்கியிருப்பார். படேல் செக்கையும் மேம்படுத்தினார், மகன் கானி என்ற பெயரில். ஆனால் வித்துக்களைச் சேமித்து வைக்க வழி செய்யாமல் செக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

குமரப்பா இன்னொரு வரியையும் கணக்கில் சேர்த்தார். மில்லில் எண்ணெயை முடிந்த அளவு பிழிந்துவிடுகிறார்கள். செக்கில் கொஞ்சம் எண்ணெய் பிண்ணாக்கில் தங்கிவிடும். மில்லின் கணக்குப்படி அது நஷ்டம். ஆனால் அந்தப் பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, மாடு சாணமாக வயலுக்குத் தருகிறது. ஊரை ஒரே கணக்குப் புத்தகமாக எடுத்தால் அந்த எண்ணெய் எங்கேயும் தொலையவில்லை. பிண்ணாக்கு ஊரை விட்டு லாரியில் ஏறிப் போனால்தான் நஷ்டம்.

அரிசியும் அப்படித்தான். பட்டை தீட்டின வெள்ளை அரிசியில் தவிட்டோடு வைட்டமின் பி1-ம் போய்விடுகிறது, அது இல்லாவிட்டால் பெரிபெரி வரும். நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் இந்த விஷயத்தில் அப்போது முக்கியமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. உரலில் குத்துவது கஷ்டமான வேலை என்பதால் மகன்வாடியில் உமியை மட்டும் நீக்குகிற திரிகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ராகிக் கல் பார்த்து வளர்ந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை பாட்டிகளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் விஞ்ஞானத்தின் முடிவையும் ஊர்த் தச்சரின் கைவேலையையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகச் செய்யாத காரியம்.

அப்புறம் விளக்கு. மண்ணெண்ணெய் வாங்குகிற ஒவ்வொரு காசும் ஊரை விட்டு எண்ணெய் கம்பெனிக்குப் போகிறது. அதற்குப் பதிலாக, சாப்பாட்டுக்கு ஆகாத விதைகளின் எண்ணெயில் எரிகிற மகன் தீபம் என்ற விளக்கு உருவானது. 1940-களில் மகன் சூலா என்ற அடுப்பும் வந்தது. புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்புகிற அடுப்பு. சமையலறைப் புகை பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது என்பதை ஒரு பொருளாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது இன்றைக்குப் பார்த்தாலும் ஆச்சரியம்தான்.

எல்லாம் ஜெயித்ததா என்றால், இல்லை. மகன் தீபம் மண்ணெண்ணெயை விரட்டவில்லை. புகையில்லா அடுப்பை 1980-களில் மத்திய அரசே நாடு முழுக்கக் கொண்டுபோனது, ஆனால் நிறைய வீடுகளில் கொஞ்ச நாளிலேயே கைவிடப்பட்டது. குழாய் அடைத்துக்கொண்டது. வீட்டில் இருந்த பாத்திரத்துக்கு அடுப்பின் வாய் பொருந்தவில்லை. சரிசெய்ய ஊரில் ஆள் இல்லை. ஊரை அளக்காமல் கொடுத்தால் அடுப்பும் இப்படித்தான் ஆகும். குமரப்பாவின் அடுப்பு பிழைத்திருந்தால் சந்தோஷம்தான், ஆனால் அவருடைய கேள்வி அதைவிட அதிக காலம் பிழைத்தது.

சிறையில் எழுதிய புத்தகம்

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தார். அங்கே இரண்டு புத்தகங்களை எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. இன்னொன்று 1945-ல் வெளியான எகானமி ஆஃப் பெர்மனன்ஸ், நிலைத்திருக்கிற பொருளாதாரம். காந்தி முன்னுரை எழுதினார்.

இதில் பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். முதல் படி ஒட்டுண்ணி, இருக்கிற மரத்தையே கொல்வது. அடுத்தது குரங்கு தோட்டத்தில் நுழைவது போல, எதுவும் தராமல் எடுத்துக்கொள்வது. தான் உழைத்துத் தான் உண்பது மூன்றாவது. தேனீ போலக் கூட்டத்துக்காக உழைப்பது நான்காவது. குஞ்சுக்குப் பறவை இரை தேடித் தருவது போல எதிர்பார்ப்பில்லாமல் கொடுப்பது ஐந்தாவது. நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுத்தால் தீர்ந்துபோகிறதையும், மழை, காடு, மாடு மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதையும் தனித்தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றார். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே பொருளாதாரப் பாடத்தில் நுழையாத காலம் அது.

டிராக்டரும் டாலரும்

சுதந்திரம் வந்தது. குமரப்பா போன்றவர்களின் செல்வாக்கு குறைய ஆரம்பித்ததும் அப்போதுதான். 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசிய திட்டக் குழுவில் இருந்து அவர் முன்பே விலகியிருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுபவருக்கு நிலம் என்ற அதன் திசை பாராட்டப்பட்டது, பெரும்பகுதி அலமாரிக்குப் போனது.

1952 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டன. 5 கோடி டாலர் உதவி. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பட்டன. உரம், இயந்திரம், வல்லுநர்கள் எல்லாம் வந்தார்கள். குமரப்பா கடுமையாக எதிர்த்தார். உதவி என்ற பெயரில் நாம் வாங்குவது இன்னொரு நாட்டின் நிலத்துக்கும் கூலிக்கும் ஏற்ப வடிவமைத்த பொருட்கள், அவை வந்த பிறகு உதிரிபாகத்துக்கும் எரிபொருளுக்கும் அந்த நாட்டையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய வாதம்.

டிராக்டர் விஷயத்தில் அவர் சொன்னதை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: காளை உள்ளூர் வைக்கோலைத் தின்னும், வயலுக்குச் சாணம் போடும், கன்றும் வரும். டிராக்டர் வெளியூர் எண்ணெயைக் குடிக்கும், சாணம் போடாது. அமெரிக்காவில் நிலம் அதிகம், ஆள் குறைவு. இங்கே தலைகீழ். ஆளைக் குறைக்கிற இயந்திரத்தை ஆள் மிச்சமாக இருக்கிற நாட்டுக்கு இலவசமாகவே கொடுத்தாலும் அது விலை உயர்ந்த பொருள்தான். ரசாயன உரம் மண்ணுக்கு உணவாகாமல் ஊக்க மருந்தாகவே வேலை செய்யும் என்பதும் அவர் கருத்து.

இதில் அவர் சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1960-களின் பஞ்சங்களை நாடு கடந்ததில் உரத்துக்கும் புது விதைக்கும் பங்கு உண்டு. உரலில் குத்துவதும் திரிகை சுற்றுவதும் பெண்களின் முதுகில் விழுந்த வேலை. ரைஸ் மில் வந்தபோது கிராமத்துப் பெண்கள் சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை. குமரப்பாவின் கணக்கில் கிராமத்தின் காசு ஊருக்குள்ளேயே சுற்றியது. அதைச் சுற்ற வைத்தது யாருடைய கை என்ற பத்தி கொஞ்சம் மங்கலாகவே இருக்கிறது. ஆனால் இயந்திரமே வேண்டாம் என்று சொன்னவர் என்று அவரை ஒதுக்குவதும் தவறு. மின்சாரம் போன்ற பெரிய துறைகளைச் சமூகத்தின் கையில் வைத்து நடத்தலாம் என்றவர்தான் அவர்.

கல்லுப்பட்டி குடிசை

உடம்பு ஒத்துழைக்கவில்லை, ரத்த அழுத்தம். வார்தா அருகே சேல்டோ கிராமத்தில் கொஞ்ச காலம் பண்ணை ஆசிரமம் நடத்திவிட்டு, தமிழ்நாட்டுக்கே திரும்பினார். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சின்னக் குடிசை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. சுவரில் ஒரு ஏழை விவசாயியின் படம் மாட்டியிருந்தது. பார்க்க வந்தவர்களிடம், காந்தி என் எஜமான், இவர் என் எஜமானின் எஜமான் என்ற அர்த்தத்தில் அறிமுகம் செய்வாராம்.

1960 ஜனவரி 30-ம் தேதி இறந்தார். காந்தி கொல்லப்பட்ட அதே நாள்.

அவர் இறந்து கொஞ்ச நாளில், இ.எஃப்.ஷூமாகர் என்ற ஜெர்மனியில் பிறந்த பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் இந்தியா வந்தார். அதற்கு முன்பே 1955-ல் பர்மாவில் ஆலோசகராக இருந்தவர். ஏழை நாடுகளுக்குக் கைக்கருவிக்கும் ராட்சத இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு இடைநிலைத் தொழில்நுட்பம் வேண்டும் என்று சொல்லி, 1966-ல் லண்டனில் அதற்கென ஒரு அமைப்பையே தொடங்கினார். 1973-ல் வந்த ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் உலகம் முழுக்க விற்றது. அதில் பௌத்தப் பொருளாதாரம் பற்றிய கட்டுரையில் குமரப்பாவின் பெயரும் கருத்தும் இருக்கின்றன. லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு அவர் மறுபடி நமக்கு வந்து சேர்ந்தார்.

சரி, கிருஷ்ணகிரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர்தான் சம்பந்தம். இது கருங்கல் பூமி. 1967 வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் பாறையைத் துளைக்கிற ரிக் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. போர் போட முடிந்தது. ஆனால் மேலே மாட்டிய வார்ப்பிரும்பு அடிபம்புகள் ஐரோப்பா, அமெரிக்காவில் ஒரு குடும்பம் உபயோகிப்பதற்காக உருவான வகை. இங்கே விடியற்காலையில் இருந்து ஊரே வரிசையில் நின்று அடித்தது. பெரும்பாலானவை உடைந்து நின்றன.

அப்போதுதான் இந்தியா மார்க் 2 என்ற பம்பு வந்தது. சோலாப்பூர் பகுதியில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து வடிவமைத்து, கோவைப் பகுதியின் ஆழமான கிணறுகளில் சோதித்தார்கள். சாதாரணப் பட்டறையிலேயே செய்யக்கூடிய இரும்பு பம்பு. 1979-ல் இந்தியத் தரக் குறியீடும் கிடைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் வரை போனது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் பக்கத்திலும் நிற்கிற பம்பு அதுதான். குமரப்பா பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்று நினைக்கிறோம்.

ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரியின் கிரானைட் வகைப் பாறைகளில் ஃப்ளோரைடு உண்டு. மேல்மட்டக் கிணற்றுத் தண்ணீரை விட, ஆழத்தில் பாறையோடு நீண்ட காலம் ஒட்டிக்கிடக்கும் தண்ணீரில் அது அதிகமாகக் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், இன்னும் போனால் எலும்பும் மூட்டும் விறைக்கும். பம்பு ஊருக்குப் பொருந்தியது, கீழே இருந்த தண்ணீர் பல கிராமங்களில் உடம்புக்குப் பொருந்தவில்லை.

அதைச் சரிசெய்ய வந்ததும் ஒரு வெளிநாட்டு உதவிதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டம், மதிப்பு 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடனுதவி. 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதால் கொஞ்ச காலம் தள்ளிப்போய், 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் வருகிறது. இப்போது இரண்டாம் கட்டத்தையும் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

இந்தத் திட்டம் தேவையா என்று கேட்டால், ஃப்ளோரைடு தண்ணீர் குடித்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆடிட்டர் குமரப்பா இதன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் எந்தப் பக்கத்துக்குப் போவார் என்று ஊகிக்கலாம். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒகேனக்கல் அதைவிட ரொம்பவே கீழே. தண்ணீர் மேட்டுக்கு ஏற வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். ஜப்பான் கடனுக்காவது முடிகிற தேதி என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் பில் மாசாமாசம் வரும்.